பெயர் எழுதுவது அரசு, கதவடைப்பது வங்கி

2020 நவம்பரில் ஹாங்காங்கின் அன்றைய நிர்வாகத் தலைவர் கேரி லாம் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், தன் சம்பளத்தை அரசு ரொக்கமாகவே தருகிறது, வீட்டில் பணம் குவிந்து கிடக்கிறது என்றார். ஹாங்காங்கின் தன்னாட்சியைக் குலைத்தார் என்று சொல்லி, மூன்று மாதம் முன்பு அமெரிக்க நிதித்துறை அவர் பெயரைத் தன் தடைப்பட்டியலில் ஏற்றியிருந்தது. அமெரிக்கச் சட்டம் ஹாங்காங்கின் சட்டமல்ல. அந்த நகரத்தை ஆண்டவரே அவர்தான். ஆனாலும் அவருக்கு ஒரு வங்கிக் கணக்கு இல்லை. பட்டியலில் பெயரை எழுதுவதோடு அரசின் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. மிச்சத்தை வங்கிகளின் பயம் பார்த்துக்கொள்கிறது. இந்தக் கருவியின் வலிமை அந்தப் பயம்தான். இதன் அநியாயங்களில் பெரும்பாலானவையும் அதிலிருந்தே பிறக்கின்றன.

இப்படிப்பட்ட பட்டியல்கள் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில், ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், இந்தியா எனப் பலரிடமும் உண்டு. வங்கிகள் அதிகம் அஞ்சுவது அமெரிக்காவின் பட்டியலுக்கு. அதைப் பராமரிப்பது நிதித்துறைக்குள் இருக்கும் வெளிநாட்டுச் சொத்துக் கட்டுப்பாட்டு அலுவலகம். சுருக்கமாக ஓஃபாக் என்பார்கள். கொரியப் போரில் சீனா இறங்கியதும், சீன, வடகொரியச் சொத்துகளை முடக்க 1950 டிசம்பரில் உருவானது. 1977-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, அதிபர் தேசிய நெருக்கடி அறிவித்தால் நீதிமன்றத்துக்குப் போகாமலே ஒருவர் சொத்தை முடக்கலாம். போதைமருந்துக் கடத்தல்காரர்கள், ஆயுதக் குழுக்கள், அணுத் திட்டங்களுக்குச் சரக்கு தேடுவோர், ரஷ்யக் கோடீஸ்வரர்கள் என்று எல்லாரும் இதில் உண்டு. 2020-இல், ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைகளின் செயல்களையும் விசாரிக்க முனைந்த சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்கறிஞர் ஃபாத்து பென்சூதாவும் சேர்க்கப்பட்டார். ஆட்சி மாறியதும் 2021-இல் நீக்கப்பட்டார். ஆள் மட்டுமல்ல, கப்பலும் விமானமும்கூடப் பட்டியலில் ஏறும். பெயரையும் கொடியையும் மாற்றினாலும் கப்பலின் ஏழு இலக்கப் பதிவெண் மாறாது என்பதால் அதையும் குறித்துக்கொள்கிறார்கள். 2018 முதல் கிரிப்டோ பணத்தின் முகவரிகளும் சேர்ந்தன. பட்டியலில் உள்ளவர்களுக்கு ஒரு கம்பெனியில் பாதியோ அதற்கு மேலோ பங்கு இருந்தால், கம்பெனியின் பெயர் எங்கும் எழுதப்படாவிட்டாலும் அதுவும் முடக்கத்துக்குள் வந்துவிடும்.

வேறு நாட்டு வங்கி ஏன் அஞ்ச வேண்டும்? காரணம் டாலர். இரண்டு நாடுகளுக்கிடையே டாலரில் பணம் போனால், அது வழியில் பெரும்பாலும் அமெரிக்க வங்கி ஒன்றின் கணக்கைத் தொட்டே போகும். அங்கே அமெரிக்கச் சட்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சூடான், ஈரான், கியூபா தொடர்பான பணத்தை இப்படிக் கடத்திவிட்டதாக 2014-இல் பிரான்ஸின் பி.என்.பி. பரிபா வங்கி குற்றத்தை ஒப்புக்கொண்டு, கிட்டத்தட்ட 900 கோடி டாலர் கட்டியது. அன்றிலிருந்து எந்த வங்கியின் சட்டப்பிரிவிலும் இந்தத் தொகையை மறந்தவர்கள் இல்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்லியும் முழுதாகத் தப்ப முடியாது. சிவில் அபராதத்துக்கு உள்நோக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை. ஆகவே கணக்கு எளிது. பட்டியலில் உள்ளவரைத் தவறவிட்டால் வங்கிக்குப் பேரிழப்பு. பட்டியலில் இல்லாதவரைத் திருப்பி அனுப்பினால் ஒரு வாடிக்கையாளர்தான் நஷ்டம்.

இந்தக் கணக்கின் விளைவைக் கலிபோர்னியாவின் கார் ஷோரூம் ஒன்றில் நடந்ததில் பார்க்கலாம். 2011-இல் ஒருவர் மனைவியோடு நிஸ்ஸான் கார் வாங்கப் போனார். அவருடைய கடன் அறிக்கையில், பெயர் ஓஃபாக் பட்டியலோடு பொருந்தக்கூடும் என்ற எச்சரிக்கை இருந்ததால் விற்பனையாளர் மறுத்துவிட்டார். கார் மனைவி பெயரில் வாங்கப்பட்டது. அறிக்கை தந்த ட்ரான்ஸ்யூனியன் நிறுவனம் முதற்பெயரையும் குடும்பப்பெயரையும் மட்டுமே ஒப்பிட்டிருந்தது. பிறந்த தேதியைப் பார்க்கவில்லை. இதே எச்சரிக்கை பெற்ற 8,185 பேரின் வழக்காக அது வளர்ந்து, 2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. யாருடைய அறிக்கை வெளியாட்களுக்கு அனுப்பப்பட்டதோ அந்த 1,853 பேருக்கு மட்டுமே வழக்காட உரிமை உண்டு என்றது நீதிமன்றம். அந்த எச்சரிக்கையைப் பட்டியலை வெளியிட்ட அரசு எழுதவில்லை. ஒரு தனியார் நிறுவனம் பட்டியலைப் படித்த விதத்தில் பிறந்தது. குடும்பப்பெயர் வழக்கமே இல்லாத, தந்தை பெயரை முன்னெழுத்தாகப் போடும் நம்மவர்களுக்கு இந்த இயந்திரங்களின் பொருத்தம் பார்க்கும் முறை எவ்வளவு தோதாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு குறை இருந்தும் போரைவிட இது மேல் அல்லவா என்று கேட்கலாம். மேல்தான். 1990 ஆகஸ்டில் ஈராக்குக்கு எதிராக வந்த ஒட்டுமொத்தத் தடையில் அடிபட்டது சதாம் உசேனின் குடும்பம் அல்ல, மருந்தும் உணவும் கிடைக்காத சாதாரண மக்கள். அந்தக் கசப்புதான் நாட்டை விட்டுவிட்டு ஆளைக் குறிவைக்கும் பட்டியல்களை வளர்த்தது. அவை பலிப்பதும் உண்டு. 2018 ஏப்ரலில் ரஷ்யக் கோடீஸ்வரர் ஒலெக் டெரிபாஸ்காவையும் அவர் வசமிருந்த ரூசல் அலுமினிய நிறுவனத்தையும் சேர்த்தபோது உலகச் சந்தையில் அலுமினிய விலை எகிறியது. அவர் தன் பங்கைப் பாதிக்குக் கீழே இறக்க ஒப்புக்கொண்ட பின், 2019 ஜனவரியில் நிறுவனம் நீக்கப்பட்டது, அவர் நீடிக்கிறார். ஆனால் கவனியுங்கள்: நிறுவனத்தை வெளியே கொண்டுவந்தது வழக்கறிஞர் படையும் பல மாதப் பேரமும். அந்த வசதி கார் வாங்கப் போனவருக்கு இல்லை.

இன்னொரு வாதம் கனமானது. முன்கூட்டிச் சொன்னால் பணம் பறந்துவிடும், உளவுத் தகவலைப் பொதுவில் வைக்க முடியாது என்பது. முதலில் முடக்குவதை ஏற்கலாம். பின்னரும் காரணம் சொல்லாமல் இருப்பதை ஏற்க முடியாது. சவூதி தொழிலதிபர் யாசின் காதியை 2001 அக்டோபரில் ஐ.நா. தன் அல்-கொய்தா பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பாவும் அப்படியே பின்பற்றியது. என்ன குற்றச்சாட்டு என்று சொல்லாமல், பதில் சொல்லவும் விடாமல் சொத்தை முடக்கியது செல்லாது என்று 2008 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே பெயர் நீக்க மனுக்களை ஆராய ஒரு குறைகேள் அதிகாரியை ஐ.நா. ஏற்படுத்தியது, 2012-இல் காதியின் பெயர் நீங்கியது. விசாரணை வந்ததால் பட்டியல் செத்துவிடவில்லை. ஆனால் அந்த அதிகாரியின் வரம்பு அல்-கொய்தா, ஐ.எஸ். பட்டியலோடு நின்றுவிடுகிறது.

தமிழருக்கும் இதில் பாடம் உண்டு. விடுதலைப் புலிகளை 2006-இல் பட்டியலிட்ட ஐரோப்பிய ஒன்றியம், பிறகு அதை நீட்டிக்கும்போது செய்தித்தாள்களையும் இணையத் தகவல்களையும் ஆதாரமாகக் கொண்டது. அது போதாது என்று 2014-இல் அதன் பொது நீதிமன்றம் சொன்னது. 2017-இல் மேல்நீதிமன்றமும் உறுதிசெய்தது. பிந்தைய ஆணைகளால் அமைப்பு பட்டியலிலேயே இருந்தது என்பது வேறு விஷயம். இலங்கை அரசோ 2014-இல் 16 அமைப்புகளையும் 424 பேரையும் பட்டியலிட்டது. ஆட்சி மாறியபின் 2015 நவம்பரில் 8 அமைப்புகளையும் 269 பேரையும் நீக்கியது. மீண்டும் ஆட்சி மாற, 2021-இல் சில அமைப்புகள் திரும்ப ஏறின. சாட்சியத்தைவிட ஆட்சிதான் வேகமாக மாறியிருக்கிறது.

எனவே தேவை, தானாகக் காலாவதியாகும் பட்டியல்: குறித்த கெடுவுக்குள் அரசு காரணத்தை எழுதித்தந்து புதுப்பிக்காவிட்டால் பெயர் விழுந்துவிட வேண்டும். ரஷ்யா மீதான தடைப்பட்டியலை ஐரோப்பிய ஒன்றியம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா உறுப்பு நாடுகளின் சம்மதத்தோடு புதுப்பிக்கிறது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது பெயர்கள் அல்ல, அவற்றுக்கு அடிப்படையான நெருக்கடி அறிவிப்பு மட்டும். அதற்கும் அதிபரின் ஒரு அறிக்கை போதும். ஈரான் தொடர்பாக 1979 நவம்பரில் அறிவிக்கப்பட்ட நெருக்கடி அப்படித்தான் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது.