பொருண்மைவழி ஆங்கில இலக்கியக் கல்வி: பிரான்சின் மேல்நிலைப்பள்ளிப் பாடத்திட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பிரான்சின் மேல்நிலைப்பள்ளிகளில் 2019ஆம் கல்வியாண்டு முதல் ஆங்கில இலக்கியமும் பண்பாடும் ஒரு சிறப்புப் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. இப்பாடம் கால வரிசைப்படியோ ஆசிரியர் வரிசைப்படியோ அமையாமல் பொருண்மைகளின் அடிப்படையில் வகுக்கப்பட்டுள்ளது. அவ்வமைப்பின் இயல்பையும், அதனால் மாணவர் பெறுவனவற்றையும் இழக்கக்கூடியவற்றையும் இக்கட்டுரை விளக்குகின்றது. பொருண்மை என்பது நூலின்மீது ஒட்டப்படும் பெயர்ப்பலகையாகும்போது இலக்கியம் வெறுஞ்சான்றாகச் சுருங்குகிறது என்பதும், அது வினாவாக எழுப்பப்படும்போது நூலும் வரலாறும் ஒருங்கே துலங்குகின்றன என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பொருண்மை, ஆங்கில இலக்கியம், மேல்நிலைக் கல்வி, பக்கலோரெயா, குடிபெயர்வு, பாடத்திட்டம்.

முன்னுரை

பிறமொழி இலக்கியத்தைப் பள்ளியில் கற்பிக்கும் முறைகளை மூவகைப்படுத்தலாம். இலக்கிய வரலாற்றைக் காலந்தோறும் தொடர்ந்து செல்வது முதல்வகை. குறிப்பிட்ட சில நூல்களைப் பாடநூல்களாக வைத்து அவற்றை வரிவரியாகக் கற்பது இரண்டாம்வகை. காலத்தாலும் வடிவத்தாலும் நாட்டாலும் வேறுபட்ட படைப்புகளை ஒரு பொதுக் கருத்தின்கீழ் ஒன்றுசேர்த்துக் கற்பது மூன்றாம்வகை. இம்மூன்றாவது முறையே இங்குப் பொருண்மைவழிக் கல்வி எனப்படுகிறது. இதனைக் கருப்பொருள்வழிக் கல்வி எனச் சிலர் கூறுவதுண்டு. ஆயினும், கருப்பொருள் என்னும் சொல் தமிழ்த் திணைக் கோட்பாட்டில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் முதலியவற்றைக் குறிக்கும் தனிக்கலைச்சொல்லாதலின், பொருண்மை என்னும் சொல்லே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

பாடத்திட்டத்தின் பின்புலம்

பிரான்சில் மேல்நிலைப்பள்ளி லிசே எனப்படும். அதன் படிப்புக்காலம் மூன்றாண்டுகள். இறுதியில் மாணவர் எழுதும் பொதுத்தேர்வு பக்கலோரெயா ஆகும். நெடுங்காலமாகப் பொதுக்கல்விப் பிரிவில் இலக்கியம், பொருளியல்-சமூகவியல், அறிவியல் என மூன்று கிளைகள் இருந்தன. 2019இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் இக்கிளைகளை நீக்கியது. அதன்படி மாணவர் தம் இரண்டாம் ஆண்டில் மூன்று சிறப்புப் பாடங்களைத் தேர்ந்துகொள்வர். மூன்றாம் ஆண்டில் அவற்றுள் ஒன்றை விடுத்து இரண்டைத் தொடர்வர். சிறப்புப் பாடம் ஒவ்வொன்றுக்கும் இரண்டாம் ஆண்டில் வாரத்திற்கு 4 மணிநேரமும் மூன்றாம் ஆண்டில் 6 மணிநேரமும் ஒதுக்கப்பட்டுள்ளன. புதிய வடிவிலான பக்கலோரெயா 2021ஆம் ஆண்டில் முதன்முதலாக வழங்கப்பட்டது.

இச்சிறப்புப் பாடங்களுள் ஒன்று அயல்நாட்டு மொழி, இலக்கியம், பண்பாடு என்பதாகும். ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானியம், இத்தாலியம் முதலிய மொழிகளுள் ஒன்றில் இதனைப் பயிலலாம். அனைவருக்கும் உரிய பொது மொழிப்பாடம் தனியே நடைபெறும். ஆதலின், இப்பாடம் மொழிப்பயிற்சி மட்டுமன்று. அம்மொழியில் தோன்றிய இலக்கியம், ஓவியம், திரைப்படம், அரசியல் உரை ஆகியவற்றை அம்மொழியிலேயே கற்கும் பாடமாகும். 2020ஆம் ஆண்டு முதல் இதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்க மற்றொரு சிறப்புப் பாடமும் சேர்க்கப்பட்டது. அது தற்கால ஆங்கில உலகம் குறித்ததாகும். செய்தி, பொருளாதாரம், சமூகம், அறிவியல் ஆகியவற்றை மிகுதியும் நோக்குவது. இவ்விரண்டும் தனித்தனியே நிற்பதால், முதலாவதில் இலக்கியத்திற்குரிய இடம் தெளிவாகிறது.

பொருண்மைகளின் அமைப்பு

இரண்டாம் ஆண்டுக்கு இரு பொருண்மைகள் வகுக்கப்பட்டுள்ளன. அவை கற்பனையுலகங்கள், சந்திப்புகள் என்பனவாம். ஒவ்வொன்றும் மூன்று உட்பிரிவுகளை உடையது. படைப்புக் கற்பனையும் தொலைநோக்கும், அச்சமூட்டும் கற்பனைகள், இலட்சிய உலகும் இழிநிலை உலகும் என்பன கற்பனையுலகங்களின் உட்பிரிவுகள். காதலும் நட்பும், தனிமனிதனும் குழுவும், வேற்றுமையை எதிர்கொள்ளல் என்பன சந்திப்புகளின் உட்பிரிவுகள்.

மூன்றாம் ஆண்டுக்குரிய பொருண்மைகள் மூன்று. கலையும் கருத்துப்போரும் என்பது முதலாவது; கலைவழி எதிர்ப்பும் கலை எழுப்பும் சர்ச்சையும் வாதக்கலையும் இதனுள் அடங்கும். தன்னை வெளிப்படுத்தலும் உருவாக்கலும் என்பது இரண்டாவது. உணர்ச்சி வெளிப்பாடு, தன்னைக் காட்சிப்படுத்தல், வளர்ந்து பக்குவமடைதல் ஆகியன இதன் கூறுகள். பயணம், நிலப்பகுதி, எல்லை என்பது மூன்றாவது. தேடலும் துணிச்செயலும், வேரும் மரபுரிமையும், குடிபெயர்வும் புலம்பெயர்வும் என அது விரியும்.

பொருண்மைகளோடு முழுநூல் வாசிப்பும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. தேசிய அளவில் வெளியிடப்படும் பட்டியலிலிருந்து நூல்களையும் திரைப்படங்களையும் ஆசிரியர் தேர்ந்தெடுப்பார். எஞ்சியவற்றை, அதாவது எந்தக் கவிதையை எந்த ஓவியத்தோடு வைப்பது, எந்த உரையை எந்த நாவல் பகுதிக்கு எதிரே நிறுத்துவது என்பனவற்றை, ஆசிரியரே முடிவுசெய்வார். இவ்வுரிமை பெரிது; அதற்கேற்பப் பொறுப்பும் பெரிது.

பொருண்மைவழிக் கல்வியின் பயன்

இம்முறையின் முதற்பயன், படைப்பு காலந்தோறும் வடிவம் மாறுவதை மாணவர் கண்முன் நிறுத்துவதாகும். அச்சமூட்டும் கற்பனைகள் என்னும் உட்பிரிவை எடுத்துக்கொள்ளலாம். மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைன் 1818இல் வெளிவந்தது. அதில் வரும் உயிரி தானே மொழியைக் கற்கிறது. மில்டனின் இழந்த சொர்க்கத்தைப் படிக்கிறது. தன்னைப் படைத்தவனிடம் நியாயம் கேட்டு வாதிடுகிறது. ஜேம்ஸ் வேல் இயக்கிய 1931ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அவ்வுயிரிக்குப் பேச்சில்லை. இன்று உலகெங்கும் பலர் அறிந்திருப்பது திரைப்படத்தின் உருவத்தையே. நாவலையும் திரைப்படத்தையும் அருகருகே வைக்கும்போதுதான், பேசத் தெரிந்த ஓர் உயிரியின் பேச்சு பறிக்கப்பட்டமை மாணவர்க்குப் புலனாகும். காலமுறையில் நாவல் ஒரு வகுப்பிலும் திரைப்படம் வேறொரு துறையிலுமாகப் பிரிந்துபோயிருக்கும்.

இரண்டாவது பயன், ஆங்கில இலக்கியம் இங்கிலாந்தின் இலக்கியம் மட்டுமன்று என்பது இயல்பாகவே வெளிப்படுவதாகும். இலண்டனையும் நியூயார்க்கையும் போலவே டிரினிடாடும் நைஜீரியாவும் இந்தியாவும் ஒரே பொருண்மையின்கீழ் இடம்பெற இம்முறை வழிசெய்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு: குடிபெயர்வும் புலம்பெயர்வும்

இம்முறையின் வலிமையும் வலுவின்மையும் ஒருங்கே தெரியும் இடம் குடிபெயர்வு பற்றிய உட்பிரிவாகும். இதற்கெனத் தொகுக்கத்தக்க மூன்று படைப்புகளை இங்கு நோக்கலாம்.

முதலாவது, எம்மா லாசரஸ் 1883இல் இயற்றிய புதிய கொலோசஸ் என்னும் பதினான்கடிக் கவிதை. இது நியூயார்க்கின் சுதந்திரச் சிலை புலம்பெயர்ந்தோரை வரவேற்பதாகப் பாடுகிறது. குடிபெயர்வு என்னும் தலைப்பின்கீழ் இக்கவிதையை வைத்துவிட்டு, அமெரிக்கா அனைவரையும் வரவேற்ற நாடு என்பதற்குச் சான்றாகக் காட்டிவிடுவது எளிது. ஆனால், கவிதை எழுந்த சூழல் வேறு. பிரான்ஸ் அளித்த சிலைக்குப் பீடம் அமைக்க நிதி திரட்டும் முயற்சிக்காக எழுதப்பட்ட கவிதை இது. சீனத் தொழிலாளர் வருகையைத் தடுக்கும் சட்டம் 1882இல், அதாவது கவிதைக்கு ஓராண்டு முன்னரே, அமெரிக்காவில் இயற்றப்பட்டிருந்தது. சிலை 1886இல் திறக்கப்பட்டது. கவிதை பொறித்த தகடு அதன் பீடத்தினுள் 1903இல்தான் வைக்கப்பட்டது. ஆகவே இக்கவிதையை வரவேற்பின் பதிவாக மட்டும் கொள்ளாது, வரவேற்கத் தயங்கிய ஒரு நாட்டின்முன் வைக்கப்பட்ட கோரிக்கையாகவும் வாசிக்க இடமுண்டு.

இரண்டாவது, டோரதியா லாங்கே 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்த, புலம்பெயர் தாய் என அறியப்படும் ஒளிப்படம். இதனோடு ஜான் ஸ்டைன்பெக்கின் கோபத்தின் கனிகள் (1939) நாவற்பகுதியை இணைத்துக் கற்பிப்பதுண்டு. இங்கும் ஒரு வினா எழுகிறது. நாவலில் வரும் ஜோடு குடும்பத்தினர் ஓக்லஹோமாவிலிருந்து கலிபோர்னியாவுக்குச் செல்கின்றனர். அவர்கள் எந்த நாட்டெல்லையையும் கடக்கவில்லை. சொந்த நாட்டிற்குள்ளேயே அயலாராக நடத்தப்படுகின்றனர். ஒளிப்படத்தில் உள்ள பெண்ணின் பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978இல்தான் பரவலாக வெளிப்பட்டது. அவர் செரோக்கிப் பழங்குடி மரபினர். நாற்பதாண்டுக்கும் மேலாக உலகம் ஒரு முகத்தை மட்டுமே அறிந்திருந்தது, அம்முகத்திற்குரியவரை அறியவில்லை. புலம்பெயர் தாய் என்னும் தலைப்பும் ஒரு பெயர்ப்பலகையே. ஒரு தனிமனிதரை அது ஒரு பொருண்மையின் உருவமாக மாற்றிவிட்டது.

மூன்றாவது, சாம் செல்வன் எழுதிய தனிமைப்பட்ட இலண்டன்வாசிகள் (1956) என்னும் நாவல். செல்வன் டிரினிடாடில் பிறந்தவர். அவர்தம் தந்தை சென்னைத் தொடர்புடையவர். 1948 ஜூன் மாதம் எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் டில்பரித் துறையை அடைந்ததை அடுத்துவந்த ஆண்டுகளில் கரீபியத் தீவுகளிலிருந்து இலண்டன் வந்தோரின் வாழ்வை இந்நாவல் சித்திரிக்கிறது. அவர்கள் சட்டப்படி பிரித்தானியக் குடிமக்களாகவே வந்தனர். தாய்நாடு எனப் பள்ளியில் கற்பிக்கப்பட்ட நாட்டிற்கு வந்தவர்களைப் புலம்பெயர்ந்தோர் என அழைப்பதா, வீடு திரும்பியோர் என அழைப்பதா? இவ்வினாவை நாவல் மொழிநடையாலேயே எழுப்புகிறது. பாத்திரங்களின் பேச்சு மட்டுமன்றிக் கதைசொல்லியின் குரலும் டிரினிடாட் வழக்கின் அடிப்படையில் அமைந்த ஆங்கிலத்தில் உள்ளது. ஓரிரு பக்கங்களை வெட்டியெடுத்து நிகழ்ச்சிச் சுருக்கமாகக் கற்பித்தால் இந்நடையின் பயன் இழக்கப்படும்.

இம்மூன்று படைப்புகளும் ஒரே தலைப்பின்கீழ் வந்தாலும், அத்தலைப்பை ஏற்பதைவிட அதனோடு முரண்படுவதிலேயே அவற்றின் சிறப்பு அடங்கியுள்ளது. குடிபெயர்வு என்றால் என்ன என்னும் விளக்கத்தை மாணவர் முதலிலேயே பெற்றுவிட்டால் இம்முரண் மறைந்துவிடும். யார் குடிபெயர்ந்தவர், யார் அவ்வாறு பெயரிட்டார் என்னும் வினாவோடு தொடங்கினால் மூன்று படைப்புகளும் ஒன்றையொன்று ஒளியூட்டும்.

தேர்வும் வாசிப்பும்

பாடத்திட்டம் எதை விரும்பினும், மாணவர் எதனைப் படிப்பர் என்பதைத் தேர்வே பெரிதும் தீர்மானிக்கிறது. பக்கலோரெயாவின் மொத்த மதிப்பீட்டு எடை 100 எனில், இச்சிறப்புப் பாடத்தின் எடை 16 ஆகும். எழுத்துத்தேர்வு மூன்றரை மணிநேரம் நடைபெறும். ஒரு பொருண்மையைச் சார்ந்த சில ஆவணங்கள் தரப்படும். அவற்றை ஒப்பிட்டு ஏறத்தாழ 500 சொற்களில் ஆங்கிலத்தில் தொகுப்புரை எழுத வேண்டும். அதனைத் தொடர்ந்து ஒரு பகுதியைப் பிரெஞ்சில் பெயர்த்தோ அதன் கருத்தைப் பிரெஞ்சில் எடுத்துரைத்தோ காட்ட வேண்டும். வாய்மொழித்தேர்வு 20 நிமிடம். அதில் மாணவர் ஒரு பொருண்மையின்கீழ்த் தாமே தொகுத்த கோப்பினை முதலில் விளக்கி, பின்னர்த் தேர்வாளரோடு உரையாடுவார்.

இவ்விரு தேர்வுகளும் இருவேறு வாசிப்புகளை ஊக்குவிக்கின்றன. எழுத்துத்தேர்வில் மாணவர் முன்பு கண்டிராத பகுதிகள் தரப்படுவதால், பகுதிகளிடையே உறவு காணும் திறனே முதன்மை பெறுகிறது. முழுநூலைக் கற்ற உழைப்பு அங்கு நேரடியாகப் பயன்படாது. அந்நூலின் இறுதி, கதைசொல்லியின் குரல், நடையின் மாற்றம் ஆகியன அங்கு வினவப்படுவதில்லை. வாய்மொழித்தேர்வில் நிலைமை வேறு. இன்ன நூலை ஏன் கோப்பில் சேர்த்தாய் என்னும் கேள்விக்கு, நூலை முழுதும் படித்தவரே உறுதியாக விடையளிக்க இயலும். எனவே முழுநூல் வாசிப்பின் மதிப்பைக் காப்பது மிகுதியும் வாய்மொழித்தேர்வே எனலாம்.

ஆசிரியருக்குரிய இடர்ப்பாடும் இதனோடு தொடர்புடையது. ஆறு மணிநேர வகுப்பில் மூன்று பொருண்மைகள், அவற்றின் ஒன்பது உட்பிரிவுகள், முழுநூல்கள், மொழிபெயர்ப்புப் பயிற்சி ஆகிய அனைத்தும் அடங்க வேண்டும். காலம் குறையும்போது முதலில் சுருங்குவது முழுநூலே. நாவலின் இடத்தை அதன் பகுதியும், பகுதியின் இடத்தைச் சுருக்கமும் கைப்பற்றிக்கொள்ளும் ஆபத்து இங்குள்ளது.

புதுச்சேரித் தொடர்பு

இப்பாடத்திட்டம் பிரான்சின் எல்லைக்குள் மட்டும் நிற்பதன்று. வெளிநாடுகளில் இயங்கும் பிரெஞ்சுப் பள்ளிகளும் இதனைப் பின்பற்றுகின்றன. 1826இல் தோன்றிய புதுச்சேரிப் பிரெஞ்சு லிசே அவற்றுள் ஒன்று. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, பிரெஞ்சைக் கல்விமொழியாகக் கொண்ட மாணவர் ஆங்கில இலக்கியத்தை மூன்றாவது மொழியின் இலக்கியமாகக் கற்கும் சூழல் அங்கு இயல்பாக அமைகிறது. அத்தகைய மாணவர்க்கு வேரும் மரபுரிமையும், வேற்றுமையை எதிர்கொள்ளல் போன்ற உட்பிரிவுகள் புறத்தே நின்று காணும் தலைப்புகளாக இரா. செல்வனின் நாவலில் உள்ள மொழிச்சிக்கல் அவர்தம் அன்றாட வழக்கோடு ஒப்பிடத்தக்கது. பொருண்மை வினாவாக அமைய வேண்டும் என்னும் கருத்துக்கு இச்சூழல் மேலும் வலுவூட்டுகிறது.

முடிவுரை

பொருண்மைவழிக் கல்வி, இலக்கியத்தைப் பிற கலைகளோடும் வரலாற்றோடும் இணைக்கிறது. ஆங்கில இலக்கியத்தின் நிலப்பரப்பை விரிவாக்குகிறது. ஒப்பிட்டு நோக்கும் திறனை வளர்க்கிறது. அதேவேளையில், படைப்பைத் தலைப்புக்குச் சான்றாக்கும் போக்கு அதனுள் உறைகிறது. இதனைத் தவிர்க்க மூன்று நெறிகள் உதவும். முதலாவது, ஒவ்வொரு பொருண்மைக்கும் நடுவே ஒரு முழுநூலை நிறுத்தி, ஏனைய ஆவணங்களை அதனைச் சுற்றி அமைத்தல். இரண்டாவது, ஒவ்வொரு படைப்பும் தோன்றிய ஆண்டையும் காரணத்தையும் கற்பித்தலின் பகுதியாக்குதல். மூன்றாவது, தலைப்போடு பொருந்தாத ஒரு படைப்பையேனும் வேண்டுமென்றே சேர்த்து, அத்தலைப்பின் எல்லையை மாணவரே உணரச்செய்தல். ஆண்டிறுதியில் மாணவர் பொருண்மையின் பெயரை மறந்து நூலை நினைவில் கொண்டிருப்பின் அக்கல்வி பயன்பட்டது எனலாம். நூலை மறந்து பெயரை மட்டும் நினைவில் கொண்டிருப்பின் பாடத்திட்டம் நிறைவுற்றதேயன்றி இலக்கியக் கல்வி நிகழவில்லை என்றே கொள்ள வேண்டும்.