லினக்ஸும் வரைகலை அட்டையும்

கணிப்பொறித் திரையில் நாம் காணும் எழுத்தும் படமும் புள்ளிகளால் ஆனவை. இன்று பரவலாக உள்ள திரையொன்றில் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 என இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. அவை பெரும்பாலும் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. இப்பெரும் பணியை மையச் செயலகத்தின் தலையில் சுமத்தாமல் தானே ஏற்றுக்கொள்வதுதான் வரைகலை அட்டை.

அட்டை இருந்தால் மட்டும் போதுமா? அதனை வேலை வாங்கத் தெரிந்த மென்பொருள் ஒன்று வேண்டும். அதனையே டிரைவர் என்கிறோம். யானைக்கு வலிமை உண்டு. ஆயினும் அதற்குப் பழக்கிய சொற்களைப் பாகன் அறிந்திருந்தால்தான் அது மரம் தூக்கும். வரைகலை அட்டையை யானை என்றால் டிரைவரைப் பாகன் எனலாம். அட்டையின் எந்தப் பதிவேட்டில் எந்த எண்ணை எழுதினால் அது என்ன செய்யும் என்பதே அந்த யானையின் மொழி.

இம்மொழியை நன்கறிந்தவர் அட்டையைச் செய்த நிறுவனத்தாரே. விண்டோஸுக்கு உரிய டிரைவரை அவர்களே எழுதித் தருகின்றனர். லினக்ஸின் நிலை வேறு. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் தொடங்கிய லினக்ஸ் கெர்னலின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். டிரைவர்களும் அவ்வாறே திறந்திருக்க வேண்டும் என்பது அதனை வளர்ப்போரின் நோக்கம். ஆனால் அட்டையின் மொழியை வெளியே சொல்ல நிறுவனங்கள் பல தயங்கின. லினக்ஸில் வரைகலை அட்டை தொல்லை தரும் என்ற பேச்சுக்கு வேர் இதுவே. குறை திறமையில் இல்லை. மறைத்து வைக்கப்பட்ட செய்தியில் இருக்கிறது.

நிறுவனங்கள் சென்ற வழிகள்

இன்டெல் நிறுவனம் தன் பொறியாளர்களைக் கொண்டே லினக்ஸுக்குத் திறந்த டிரைவர்களை எழுதுகிறது. ஏ.எம்.டி. நிறுவனம் 2006-இல் ஏ.டி.ஐ. நிறுவனத்தை வாங்கியது. மறு ஆண்டே ரேடியான் அட்டைகளைப் பற்றிய விவரக் குறிப்புகளை வெளியிட முன்வந்தது. இதனால் வெளியாரும் டிரைவர் எழுத வழி பிறந்தது.

என்விடியா நிறுவனமோ தானே ஒரு டிரைவர் எழுதி, மூலநிரலை மூடி வைத்தே வழங்கிற்று. இதற்கு மாற்றாக ஆர்வலர் சிலர் 'நூவோ' என்ற முயற்சியைத் தொடங்கினர். பிரெஞ்சு மொழியில் இச்சொல்லுக்குப் 'புதிய' என்று பொருள். நிறுவனத்தின் டிரைவர் அட்டைக்கு அனுப்பும் எண்களை ஒட்டுக்கேட்டு, எந்த எண்ணுக்கு என்ன விளைவு என்று இவர்கள் குறித்துக்கொண்டனர். பாகனைத் தொலைவில் நின்று கவனித்து, அவன் எச்சொல்லைச் சொன்னால் யானை என்ன செய்கிறது என்று எழுதிக்கொள்வது போன்றது இது. பல்லாண்டு உழைப்பின் பயனாக 2010-இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.33 பதிப்பில் நூவோ இடம்பெற்றது.

எனினும் இம்முயற்சிக்கு ஒரு முட்டுக்கட்டை விழுந்தது. வரைகலை அட்டை விழித்தெழும்போது குறைந்த வேகத்திலேயே இயங்கும். வேகத்தை உயர்த்தத் தனிக் கட்டளை வேண்டும். 2014-இல் வந்த இரண்டாம் தலைமுறை மேக்ஸ்வெல் அட்டைகள் முதல், இதற்கு நிறுவனத்தின் மின்னொப்பம் பெற்ற உள்நிரல் தேவையாயிற்று. ஆகவே நூவோவில் படம் தெரிந்தது. முழு வேகம் கிட்டவில்லை. பின்னர் 2022 மே மாதத்தில், டூரிங் வகை முதலான அட்டைகளுக்குக் கெர்னலில் இயங்கும் பகுதியின் மூலநிரலை என்விடியா வெளியிட்டது. அதற்கு மேலடுக்கில் உள்ள பகுதி இன்னும் மூடியதே.

நடைமுறையில் செய்ய வேண்டுவன

இன்டெல், ஏ.எம்.டி. அட்டைகளுக்குத் தனியே எதையும் தேடி நிறுவ வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. கெர்னலையும், 'மேசா' என்ற வரைகலைத் தொகுப்பையும், உள்நிரல் கோப்புகளையும் புதுப்பித்து வந்தாலே போதும்.

என்விடியா அட்டை உடையோர் மூன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, டிரைவரை இணையத்திலிருந்து நேரே இறக்காமல், தாம் பயன்படுத்தும் லினக்ஸ் வழங்கலின் களஞ்சியத்திலிருந்தே நிறுவுதல் நலம். கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரும் அதற்கேற்ப மாற வேண்டும். களஞ்சியத் தொகுப்பு அதனைத் தானே கவனித்துக்கொள்ளும். இரண்டாவது, ஒரே அட்டையை நூவோவும் என்விடியா டிரைவரும் ஒருசேர ஆள முடியாது. ஒன்று விலகினால்தான் மற்றொன்று ஏறும். மூன்றாவது, 'செக்யூர் பூட்' என்னும் காவல் இயங்கும் கணிப்பொறியில் ஒப்பமில்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்க மறுக்கலாம். நிறுவும்போது கேட்கப்படும் சாவிப் பதிவை மறுதொடக்கத்தின்போது முடித்துவிட்டால் இத்தடை நீங்கும். புதுப்பித்தபின் திரை இருண்டுபோனால் அஞ்ச வேண்டியதில்லை. தொடக்கப் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்து நுழைந்து, டிரைவரைச் சீர்செய்யலாம்.

நமக்கு என்ன?

'படம் தெரிந்தால் போதாதா? மூலநிரல் திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன?' என்று நண்பர்கள் சிலர் கேட்கலாம். இரண்டு அட்டைகளை ஒப்பிட்டால் விடை கிடைக்கும். 2010-இல் வெளிவரத் தொடங்கிய ஃபெர்மி வகை அட்டைகளுக்கு உரிய என்விடியா டிரைவரின் ஆதரவு 2022-ஆம் ஆண்டின் இறுதியோடு நின்றுவிட்டது. புதிய கெர்னல்களுக்கு ஏற்ப அதனைத் திருத்தித் தர நிறுவனம் இல்லை. மூலநிரல் கையில் இல்லாததால் பிறராலும் முழுமையாகத் திருத்த இயலாது. குறைந்த வேகத்து நூவோவே இப்போது அவற்றுக்குத் துணை. ஆனால் 2002-இல் வந்த ரேடியான் 9700 அட்டைக்கு உரிய திறந்த டிரைவர் இன்றும் மேசாவில் இருக்கிறது. வயதில் மூத்தது உயிரோடிருக்க, இளையது கைவிடப்பட்டது. யானை நலமாகவே இருக்கிறது. அதன் மொழியறிந்த பாகன்தான் இல்லை.

அரசு கல்லூரி ஆய்வகங்களில் கணிப்பொறிகள் ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றப்படுவதில்லை. பழைய கணிப்பொறியை வாங்கிப் படிக்கும் மாணவரும் நம்மிடையே பலர். அத்தகையோருக்கு டிரைவரின் ஆயுளே கணிப்பொறியின் ஆயுள். எனவே அடுத்த முறை ஒரு கணிப்பொறி வாங்க நேரும்போது, விலையையும் வேகத்தையும் கேட்பதோடு நில்லாமல், 'இதன் வரைகலை அட்டைக்குத் திறந்த டிரைவர் உண்டா?' என்றும் கேட்போமாக.