கிழங்குணவும் நமது கடமையும்

அரசியலும் பொருளியலும் பேச வேண்டிய இப்பகுதியில் அடுப்பங்கரை விஷயத்தை எடுத்துக்கொள்வது தகுமா என்று நேயர்களில் சிலர் வினவக்கூடும். தகும் என்பதே நமது அபிப்பிராயம். ஒரு நாட்டு ஜனங்கள் எதை உண்கின்றனரோ அதுவே அந்நாட்டு வயல்களில் விளையும். எதை உண்ணாமல் விடுகின்றனரோ அது விளையாது ஒழியும். சட்டசபையில் நிறைவேறும் தீர்மானம் நடைமுறைக்கு வர வருஷங்கள் ஆகலாம். வீடுதோறும் காலையில் காய்கறிக் கடைக்குப் போகிறவர் செய்யும் தீர்மானமோ அன்று மாலைக்குள் குடியானவனை எட்டிவிடுகிறது. இன்று நாம் எழுதப் புகுவது அத்தகைய ஒரு தீர்மானத்தைப் பற்றியே.

கிழங்கு என்றவுடன் நகரவாசிகளின் நினைவில் எழுவது உருளைக்கிழங்கு ஒன்றுதான். சேனையும் சேப்பங்கிழங்கும் எப்பொழுதாவது எட்டிப் பார்க்கின்றன. அவையும் எண்ணெயில் முறுகப் பொரிந்து தம் குணத்தை இழந்தே இலைக்கு வருகின்றன. பிடிகருணை, சிறுகிழங்கு, பெருவள்ளி, பனங்கிழங்கு என்னும் பெயர்களோ நம் பிள்ளைகளிற் பலருக்குத் தெரியவே தெரியா.

சில ஆண்டுகளுக்கு முன் தை மாதத்தில் திருநெல்வேலிச் சீமையிலுள்ள நண்பர் ஒருவர் இல்லத்தில் விருந்துண்ணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. இலையில் சிறுகிழங்குப் பொரியல் இட்டனர். அதன் மணத்தை வியந்து பேசியபொழுது, நண்பரின் தாயார் ஒரு செய்தி கூறினார். குடும்பத்தார் வேலை நிமித்தம் வெளியூர் சென்றமையால் இரண்டு வருஷம் அக்கிழங்கை நடாது விட்டனராம். மூன்றாம் வருஷம் நட விரும்பியபொழுது வீட்டில் விதை இல்லை. அண்டை வீடுகளிலும் இல்லை. பக்கத்துக் கிராமங்களில் அலைந்து தேடி ஒரு கூடை பெற்று வந்தார்களாம். "தம்பி, நெல்லைக் குதிரில் போட்டு வைக்கலாம், கிழங்கைப் போட்டு வைக்க முடியுமா?" என்றார் அவ்வம்மையார். நாம் சட்டக் கல்லூரியில் கற்ற பல பாடங்களைக் காட்டிலும் அவ்வொரு வினா நம்மைச் சிந்திக்கச் செய்தது.

உண்மை அதுவே. கிழங்குப் பயிர்களிற் பலவற்றுக்குக் கிழங்கே விதை. சேனையைத் துண்டமிட்டு நடுகின்றனர். சிறுகிழங்கை முளைக்க வைத்து, அதினின்று தழைக்கும் தண்டுகளை நறுக்கி நடுகின்றனர். ஆகவே ஒரு வருஷம் உண்பாரும் வாங்குவாரும் இன்றிப் போயின், மறு வருஷம் நடுவதற்கு விதையும் இராது. திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மத்திய கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் பலவகைக் கிழங்குகளைச் சேகரித்துக் காத்துவருகிறது. அப்பணி போற்றத்தக்கது. ஆயினும், ஆராய்ச்சி நிலையத்தில் மட்டும் உயிர்வாழும் பயிர் ஊராருடைய உணவாகாது.

ஒரே கிழங்கை நம்பினால் விளைவது யாது என்பதற்கு ஐர்லாந்தின் சரித்திரம் சான்று. அங்கு ஏழை மக்கள் உருளைக்கிழங்கையே, அதிலும் பெரும்பாலும் 'லம்ப்பர்' என்னும் ஒரே வகையையே, நம்பி வாழ்ந்தனர். 1845-இல் இலையையும் கிழங்கையும் அழுகச் செய்யும் நோய் தோன்றியது. கிழங்கே விதையாதலின் நட்ட செடிகள் யாவும் ஒரே தன்மையின. ஒன்றைத் தாக்கிய நோய் எல்லாவற்றையும் தாக்கிற்று. அதனைத் தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். ஏறக்குறைய அத்தனை பேர் தாய்நாட்டை விட்டுக் கப்பலேறினர். அதே ஆண்டுகளில் அந்நாட்டுத் தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகி வந்தன என்பதையும் மறத்தலாகாது. நோய் கிழங்கை அழித்தது; மனிதரை அழித்ததில் ஆட்சிக்கும் பங்குண்டு.

நிற்க. கிழங்கினால் உயிர் பிழைத்தோர் கதை நமக்கு அருகிலேயே உள்ளது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா மரவள்ளிச் சாகுபடியை ஊக்கிப் பரப்பினார். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசப்பட்டு அங்கிருந்து அரிசி வருவது நின்றபொழுது, அச்சமஸ்தானத்து ஏழைகளுக்குச் சோற்றின் இடத்தில் நின்றது அக்கிழங்கே. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் 1956 வரை அந்நிலப்பகுதியைச் சேர்ந்ததே. பஞ்ச காலத்தில் உயிர் காத்த பொருளை நல்ல காலத்தில் "ஏழையின் உணவு" என்று இகழ்வது நன்றி மறத்தலாகும்.

கிழங்கின் பிறப்பிடம் கேட்டு விலக்குவது நமது நோக்கமன்று. உருளையும் மரவள்ளியும் தென்னமெரிக்காவினின்று வந்தவை. சிறுகிழங்கின் தாயகம் ஆப்பிரிக்கா. வந்தவை யாவும் நம்மவை ஆயின. பல இருக்க ஒன்றையே பற்றுதல் தவறு என்பதே நமது வாதம்.

இனி, இல்லங்களில் கூறப்படும் ஆட்சேபங்களைக் கவனிப்போம். முதலாவது, நாக்கும் தொண்டையும் அரிக்கும் என்பது. சேனை, கருணை, சேப்பங்கிழங்கு ஆகியவற்றில் கால்சியம் ஆக்ஸலேட் என்னும் உப்பு ஊசி போன்ற நுண்ணிய வடிவில் அமைந்துள்ளது. அவ்வூசிகள் தைப்பதே அரிப்புக்குக் காரணம். நம் பாட்டிமார் இரசாயனம் பயிலாதிருந்தும் பரிகாரம் அறிந்திருந்தனர். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தோலைத் தடிப்பாகச் சீவுக. துண்டங்களைப் புளி நீரிலோ மோரிலோ ஊறவைக்க. பின் நன்றாக வேகவைத்து அந்நீரைக் கொட்டிவிடுக. அரைவேக்காடே அரிப்புக்குத் தாய். மரவள்ளிக்கு வேறொரு எச்சரிக்கை உண்டு. அதில் நஞ்சு விளைக்கும் பொருள் சிறிது இருப்பதால், இரு தோலையும் நீக்கி நறுக்கி, நிறைந்த நீரில் மூடாமல் வேகவைத்து, நீரை வடித்துக் களைதல் வேண்டும், பச்சையாக உண்ணலாகாது.

இரண்டாவது ஆட்சேபம், வேலை மிகுதி என்பது. சிறுகிழங்கின் தோலைக் கத்தியால் சுரண்டப் புகுந்தால் பொழுது போய்விடும் என்பது மெய்யே. ஆனால் திருநெல்வேலியார் அதைச் சாக்கிலிட்டுத் தரையில் அடித்துத் தேய்ப்பர். தோல் தானே கழன்றுவிடும். பின் கழுவி நறுக்கி உப்பிட்டு வேகவைத்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம் தாளித்துத் தேங்காய்த் துருவல் தூவி இறக்கினால் முடிந்தது. எண்ணெய் இரண்டு கரண்டிக்கு மேல் வேண்டுவதில்லை.

பிடிகருணை மசியலும் கடினமன்று. கிழங்கை அரிசி களைந்த நீரில் தோலுடன் குழைய வேகவைத்து உரித்து மசிக்க. புளிக்கரைசலில் மஞ்சளும் உப்பும் இட்டுக் கொதிக்கவிட்டு, மசித்த கிழங்கையும் வெந்த துவரம்பருப்பையும் சேர்த்து, கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டுக. சேனையையோ கருப்புக் கொண்டைக்கடலையுடன் கூட்டாக்குதல் நாஞ்சில் நாட்டிற்கும் மலையாளத்திற்கும் பொதுவான வழக்கம். இதில் ஒரு நுட்பம் உண்டு. கிழங்கில் மாச்சத்து மிகுதி, புரதம் சொற்பம். பருப்பும் கடலையும் அக்குறையை நிரப்புகின்றன. பனங்கிழங்குக்கு இத்தனையும் வேண்டா. மஞ்சளும் உப்பும் இட்டு அவித்து நாரை உரித்து உண்ணலாம். யாழ்ப்பாணத்தார் அதைப் பச்சையாகப் பிளந்து உலர்த்தி ஒடியலாக்கி, அதன் மாவில் கூழ் காய்ச்சுகின்றனர். நார்ச்சத்துக்குக் குறைவே இல்லாத பண்டம் அது.

மூன்றாவது ஆட்சேபம் நீரிழிவு பற்றியது. இது நியாயமானதே. சோறு குறையாமல் கிழங்கையும் கூட்டி உண்டால் தீங்கு விளையும். கிழங்கு வைத்த நாளில் சோற்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். பொரிப்பதை விடுத்து அவிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறும் கல்லடைப்பும் உடையோர் வைத்தியரைக் கேட்ட பின்னரே உண்ணுக. ஏனையோர் அஞ்ச வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் பெண்மக்களுக்கு உபதேசமாகக் கூறி விலகிக்கொள்வது நமது எண்ணமன்று. நம் வீடுகளிற் பலவற்றில் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குச் செல்வோர் ஆண்மக்களே. உருளையைக் கேட்டு வாங்கி, கருணையைக் கண்டும் காணாதது போல் நடப்போரும் அவர்களே. மேடையில் குடியானவனுக்காகக் குரல் கொடுத்துவிட்டு, அவன் சுமந்து வந்த கூடையைத் திரும்பியும் பாராமல் வீடு செல்வது முரண்பாடு அன்றோ? கேட்பவர் இருப்பின் கடைக்காரன் வரவழைப்பான். வாங்குபவர் இருப்பின் உழவன் நடுவான். சாக்கிலிட்டுத் தோலைத் தேய்க்கும் வேலையையும் தலைவரே ஏற்றுக்கொள்ளலாம். அதனால் கௌரவம் குறையாது.

ஆகவே நேயர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் சிறிது. வாரத்தில் ஒரு நாள், இதுவரை உம் இல்லத்தில் சமைக்காத ஒரு கிழங்கை வாங்கிச் செல்க. கொல்லையில் ஒரு முழ நிலமேனும் உள்ளவர் சேனையின் முளையுள்ள துண்டம் ஒன்றை மாசி பங்குனியில் நட்டு வைக்க. அடுத்த தைக்குள் தோண்டி எடுக்கலாம். எடுத்ததில் ஒரு பகுதியை மறு நடவுக்கென ஒதுக்கி, அண்டை வீட்டாருக்கும் கொடுக்க. ஒரு வீட்டில் அற்றுப்போன விதை மறு வீட்டில் இருக்குமாயின், தேடி அலைபவர் வெறுங்கையோடு திரும்ப நேராது.