விதுராவுக்கு மேலே ஒரு டக்கோடா

மறைந்துபோன விமானங்களை வீட்டுக் கம்ப்யூட்டரில் மறுபடி பெயின்ட் அடித்துப் பறக்கவிடுகிறார்கள் சிலர். பொழுதுபோக்காகத் தொடங்கும் வேலை வரலாற்றுப் பொறுப்பில் கொண்டுபோய் விடுகிறது.

விதுராவுக்கு விமான நிலையம் கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகும் வழியில் இருக்கும் மலையடிவார ஊர் அது. ஆனால் வீட்டில் ஃபிளைட் சிமுலேட்டர் வைத்திருப்பவருக்கு, திருவனந்தபுரம் ஓடுதளத்திலிருந்து விதுரா பத்து நிமிடப் பயணம். டக்கோடாவின் இரண்டு என்ஜின்களையும் ஒவ்வொன்றாகக் கிளப்ப வேண்டும். வால் பக்கம் சக்கரம் உள்ள விமானம் என்பதால் ஓடும்போதே பக்கவாட்டில் இழுக்கும். காலால் பெடலை அழுத்தி நேராக்க வேண்டும். கடலுக்கு மேலே ஏறி வடகிழக்கே திரும்பினால் ரப்பர் தோட்டங்கள், பிறகு விதுரா. அதற்கும் கிழக்கே 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர்கூடம். போதுமான உயரத்தை எட்டாமல் அந்தப் பக்கம் போனால் மலையில் மோதல்தான். நல்லவேளை, திரையில் மட்டும்.

இந்த விளையாட்டுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அமெரிக்கரான புரூஸ் ஆர்ட்விக் எழுதிய புரோகிராமை மைக்ரோசாஃப்ட் 1982இல் தன் பெயரில் வெளியிட்டது. ரைட் சகோதரர்கள் பறந்து நூறாண்டு நிறைந்த 2003இல் வந்த பதிப்பில் அவர்களது விமானம் முதல் டக்கோடா வரை பழைய விமானங்களின் வரிசையே இடம்பெற்றது. 2022இல் நாற்பதாம் ஆண்டுக் கொண்டாட்டத்திலும் டக்கோடா மறுபடி வந்தது.

ஆனால் பெட்டியில் வரும் விமானம் பெரும்பாலும் அமெரிக்க நிறத்தில் இருக்கும். இந்திய விமானம் வேண்டுமென்றால் நாமேதான் பெயின்ட் அடித்துக்கொள்ள வேண்டும்.

தையற்காரர் சட்டையைப் பிரித்துத் துணித்துண்டுகளாகப் பரப்புவது போல, விமானத்தின் தோல் கம்ப்யூட்டரில் தட்டையான படமாக விரிக்கப்பட்டிருக்கும். உடல், இறக்கை, வால் எல்லாம் தனித்தனித் துண்டுகள். அவற்றின் மேல் கோடு, எழுத்து, சின்னம், ஆணி வரிசை, என்ஜின் புகைக்கறை என்று ஒவ்வொன்றாக வரைய வேண்டும். மூக்கிலிருந்து வால் வரை ஓடும் ஒரு கோடு இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் நூலிழை விலகினாலும் பறக்கும்போது கண்ணை உறுத்தும். பழைய மாடல்கள் சிலவற்றில் இரு பக்கத்துக்கும் ஒரே படம்தான். ஒரு பக்கம் சரியாக எழுதினால் மறுபக்கம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழாகும்.

இவை கை வேலையின் சிரமங்கள். உண்மையான சிக்கல் நிறத்தில்தான். பழைய படங்கள் கறுப்பு வெள்ளையில் இருக்கின்றன. அந்தக் காலத்து ஒருவகை ஃபிலிமில் சிவப்பு ஏறக்குறைய கறுப்பாகவும், நீலம் வெளிறியும் பதியும். படத்தில் கறுப்பாகத் தெரியும் கோடு நிஜத்தில் கருஞ்சிவப்பாக இருந்திருக்கலாம்.

திருவனந்தபுரத்தின் சொந்தக் கதையையே எடுத்துக்கொள்ளலாம். திருவிதாங்கூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்ம ராஜாவின் முயற்சியால் அங்கே விமானத்தளம் அமைந்தது. 1935 நவம்பர் 1ஆம் தேதி டாட்டா நிறுவனத்தின் ஃபாக்ஸ் மாத் விமானம் சமஸ்தானத்தின் அஞ்சல் பையோடு பம்பாய்க்குக் கிளம்பியது. ஓட்டியவர் நெவில் வின்சென்ட். பயணிகள் முன்னால் மூடிய அறையில் உட்கார, பைலட் அவர்களுக்குப் பின்னால் திறந்த வெளியில் காற்றையும் மழையையும் வாங்கிக்கொண்டு ஓட்டும் விசித்திர விமானம் அது. அதற்குப் பெயின்ட் அடிக்கத் துணிபவர் முதலில் பழைய படங்களைத் தேடித்தான் அலைய வேண்டியிருக்கும்.

பெயரிலேயே கேரளத்தைச் சுமந்தது மலபார் பிரின்ஸஸ். 1948 ஜூன் 8ஆம் தேதி பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டு, ஏர்-இந்தியாவின் முதல் சர்வதேசச் சேவையைத் தொடங்கிவைத்த லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம். 1950 நவம்பர் 3ஆம் தேதி ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளான் சிகரத்தில் மோதியது. 48 பேரும் பலியானார்கள். அவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்தில் கப்பலேறப் போய்க்கொண்டிருந்த இந்திய மாலுமிகள். 1966இல் ஹோமி பாபா பயணம் செய்த போயிங் 707 விமானமும் அதே மலையில்தான் விழுந்தது. பனியாறு உருக உருக இன்றும் அங்கிருந்து பொருள்கள் வெளிப்படுகின்றன. 2020இல் 1966ஆம் ஆண்டு இந்தியச் செய்தித்தாள்களே கிடைத்தன.

மலபார் பிரின்ஸஸ் இனி முழு உருவில் பறக்கக்கூடிய இடம் இந்தத் திரைதான். அதனால்தான் ஒரு கேள்வியும் எழுகிறது. அதற்குப் பெயின்ட் அடித்து, அந்தக் கடைசிப் பயணத்தை மறுபடி நடத்திப் பார்ப்பது அஞ்சலியா, வேடிக்கையா? பாதையை அப்படியே பின்பற்றி மலைக்கு முன்னால் திரும்பிவிடுவதும் ஒருவகை மரியாதைதான்.

நிஜ விமானத்திலும் இந்த மறுவண்ணம் நடக்கிறது. 2018இல் இந்திய விமானப்படைக்கு வந்து சேர்ந்த டக்கோடாவை, ராஜீவ் சந்திரசேகர் பிரிட்டனில் பழுதுபார்க்க வைத்துப் பரிசளித்தார். மழுவை வீசிக் கடலிலிருந்து கேரளத்தை மீட்டதாகக் கதை சொல்லப்படும் பரசுராமரின் பெயர் அதற்கு. 1947 அக்டோபர் 27ஆம் தேதி ஸ்ரீநகரில் படைவீரர்களை இறக்கிய டக்கோடாவின் விபி 905 என்ற எண்ணை அதன் மேல் எழுதினார்கள். எண்தான் அந்த விமானத்துடையது, உடல் வேறு. அது ஒளிவுமறைவின்றிச் சொல்லப்படுவதால் யாரும் ஏமாறவில்லை.

வீட்டில் பெயின்ட் அடிப்பவருக்கும் அதே நியாயம்தான். ஊகித்து அடித்த நிறம் பத்துப் பேர் கைக்குப் போனால், பதினோராவது ஆள் அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்வார். ஆகவே நல்ல ஆர்வலர்கள் பெயின்ட் கோப்போடு ஒரு குறிப்பையும் சேர்த்து அனுப்புகிறார்கள்: இந்த எழுத்து இன்ன படத்தைப் பார்த்து எழுதியது, இந்த நிறம் என் ஊகம்.

விதுராவுக்கு மேலே ஒரு வட்டமடித்துத் திரும்பும் அந்த டக்கோடாவின் மதிப்பு அதன் பளபளப்பில் இல்லை, அந்த இரண்டு வரிக் குறிப்பில்தான் இருக்கிறது.