கல்விச் சுற்றுலா: நாமே ஏற்பாடு செய்வதா, முகவரிடம் ஒப்படைப்பதா?

அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது ஆசிரியர் அறையில் சுற்றுலாப் பேச்சும் தொடங்கிவிடுகிறது. எங்கே போகலாம் என்பது முதல் கேள்வி. பேருந்து, உணவு, தங்குமிடம் எல்லாவற்றையும் நாமே பேசி முடிப்பதா, பயண முகவர் ஒருவரிடம் மொத்தமாக ஒப்படைப்பதா என்பது அடுத்த கேள்வி. எங்கள் பள்ளியில் சுற்றுலாப் பொறுப்பைச் சில ஆண்டுகளாக நான் பார்த்து வருகிறேன். இரண்டு வழிகளிலும் மாணவர்களை அழைத்துச் சென்றிருக்கிறோம். ‘இதுதான் நல்லது, அது கெட்டது’ என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. ஆனால், எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கவே முடியாது என்று பிரித்துப் பார்த்தால் முடிவெடுப்பது எளிது.

கட்டணத்தைப் பிரித்துப் பாருங்கள்

முகவர்கள் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்றுதான் சொல்வார்கள். அந்த ஒற்றை எண்ணுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 45 மாணவர்களும் 5 ஆசிரியர்களும் ஒருநாள் சுற்றுலா செல்வதாக வைத்துக்கொள்வோம். பேருந்து வாடகை ரூ.24,000, ஓட்டுநர் பேட்டா, சுங்கம், வாகன நிறுத்தக் கட்டணம் ரூ.3,000, 50 பேருக்கு உணவு ரூ.10,000; நுழைவுக் கட்டணம், குடிநீர், முதலுதவி போன்றவற்றுக்கு ரூ.3,500. மொத்தம் ரூ.40,500. மாணவர் ஒருவருக்கு ரூ.900 ஆகிறது.

இதே பயணத்துக்கு முகவர் தலைக்கு ரூ.1,100 கேட்டால் மொத்தம் ரூ.49,500. வேறுபாடு ரூ.9,000. இதில் முகவரின் உழைப்புக்கான ஊதியமும் அடங்கும், அதில் தவறில்லை. ஆனால், அந்த ரூ.9,000 பத்து மாணவர்களின் பயணச் செலவு என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். பணம் கட்ட இயலாமல், ‘எனக்கு வர விருப்பமில்லை சார்’ என்று சொல்லி ஒதுங்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேரை அழைத்துச் செல்ல முடியும் என்பது இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

‘ஆசிரியர்களுக்கு இலவசம்’ என்ற சலுகையையும் கவனியுங்கள். மேலே உள்ள கணக்கில் ஆசிரியர் ஐவரின் செலவையும் 45 மாணவர்களே சுமக்கிறார்கள். யார் போட்டாலும் கணக்கு இப்படித்தான் வரும். எனவே இதை இலவசம் என்று நினைக்காமல், ஆசிரியர்கள் தம் பங்கைச் செலுத்துவதா என்பதைப் பள்ளி வெளிப்படையாக முடிவு செய்யட்டும்.

நேரடியாகப் போனால் கிடைப்பவை

சில சலுகைகள் பள்ளியே முன்வந்து கேட்டால்தான் கிடைக்கும். ஊரகப் பகுதி அரசுப் பள்ளி மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கல்விச் சுற்றுலா செல்ல, இரயிலில் இரண்டாம் வகுப்பு அடிப்படைக் கட்டணத்தில் 75 விழுக்காடு சலுகை உண்டு. இதை இணையத்தில் பெற முடியாது. தலைமையாசிரியரின் சான்றுடன் இரயில் நிலைய முன்பதிவு மையத்தை அணுக வேண்டும். இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகத்தான் முன்பதிவு தொடங்குகிறது. ஒரு படிவத்தில் 6 பேருக்குத்தான் பதிவு செய்யலாம் என்பதால், பெரிய குழுவாக இருந்தால் முன்பதிவு மேற்பார்வையாளரை முன்பே சந்தித்து மொத்தப் பதிவுக்கு அனுமதி பெறுவது நல்லது.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், செஞ்சிக் கோட்டை போன்ற, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டோருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான தொகுப்பில் இந்த இடங்களுக்கு நுழைவுக் கட்டணம் சேர்க்கப்பட்டிருந்தால் காரணம் கேட்கலாம்.

அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் பேருந்துகளை வாடகைக்குத் தருகின்றன. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்குப் பல ஊர்களில் விடுதிகள் உள்ளன. இவற்றை நேரடியாக விசாரித்து வைத்துக்கொண்டால், முகவர் சொல்லும் தொகையை ஒப்பிட ஓர் அளவுகோல் கிடைக்கும்.

நேரடி ஏற்பாட்டில் சின்னச் சின்ன விவரங்களும் நம் பொறுப்பு. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமையும், எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும் விடுமுறை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்கள் இ-பாஸ் பெற வேண்டும் என்ற நடைமுறை, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் தொடங்கியது. வாடகை வண்டியில் செல்வதானால், அதை யார் எடுப்பது என்பதை முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும்.

முகவர் எப்போது தேவை?

காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பும் பயணத்துக்குப் பெரும்பாலும் முகவர் தேவையில்லை என்பது என் கருத்து. இரண்டு மூன்று இரவுகள் தங்கும் பயணம், மொழி தெரியாத மாநிலம், இரயிலும் பேருந்தும் மாறி மாறிச் செல்லும் திட்டம் என்றால் நிலைமை வேறு. வண்டி பழுதானால் உடனே மாற்று வண்டி, நள்ளிரவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அருகிலுள்ள மருத்துவமனை, இரயில் தாமதமானால் உணவு ஆகியவற்றுக்கு உள்ளூர்த் தொடர்புகள் உள்ள முகவர் கைகொடுப்பார். அந்த உதவிக்குக் கூடுதல் பணம் தருவது முறையே. சுற்றுலாத் துறையின் அங்கீகாரமும் முகவரியுள்ள அலுவலகமும் அவருக்கு இருக்க வேண்டும்; முறையான இரசீதும் தர வேண்டும்.

ஒப்படைக்க முடியாதது

2022 அக்டோபர் 5 இரவு, எறணாகுளம் மாவட்டப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் உதகைக்குச் சுற்றுலா சென்ற பேருந்து, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் கேரள அரசுப் பேருந்தின் பின்புறம் மோதியது. 5 மாணவர்கள், ஓர் ஆசிரியர், அரசுப் பேருந்துப் பயணிகள் மூவர் என 9 பேர் இறந்தனர். பேருந்து மணிக்கு 97 கி.மீ.க்கு மேல் சென்றதும், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மாற்றப்பட்டிருந்ததும் விசாரணையில் தெரியவந்தன.

நேரடியாகப் பேசிய வண்டியோ முகவர் அனுப்பிய வண்டியோ, அதில் ஏறப்போவது நம் மாணவர்கள். கீழ்க்காணும் ஐந்தையும் நாமே சரிபார்க்க வேண்டும்.

1. வாடகை வாகனத்துக்கான மஞ்சள் நிறப் பதிவெண் பலகை இருக்க வேண்டும். பதிவெண்ணை முன்பே வாங்கி, தகுதிச் சான்றும் காப்பீடும் நடப்பில் உள்ளனவா என்று எம்-பரிவாகன் செயலியில் பார்க்கலாம். வேறு மாநிலம் செல்வதானால் அதற்குரிய அனுமதிச் சீட்டையும் கேட்டுப் பாருங்கள்.

2. புறப்படும் நாளில் வந்து நிற்பது அதே பதிவெண் கொண்ட வண்டிதானா என்று பாருங்கள். கடைசி நேரத்தில் வண்டி மாறுவது சகஜம்.

3. சட்டப்படி ஓட்டுநரின் வேலை நேரம் நாளுக்கு 8 மணி. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் அரை மணி நேரமாவது ஓய்வு எடுக்க வேண்டும். நெடும்பயணத்துக்கு இரண்டாவது ஓட்டுநரைக் கேளுங்கள்.

4. இரவுப் பயணத்தைத் தவிருங்கள். ‘ஒருநாள் வாடகை மிச்சமாகும்’ என்று சொல்லி முகவர் இரவில் ஓட்டும் திட்டம் தந்தால் மறுத்துவிடுங்கள்.

5. துறை அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கடிதம், பெண் ஆசிரியர் உடன்வருதல், மாணவர்களின் உடல்நலக் குறிப்பு ஆகியவற்றை முகவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடக் கூடாது.

எழுத்தில் வாங்குங்கள்

நேரடியாகப் பேசினாலும் முகவர் வழியாகச் சென்றாலும், வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் எல்லாவற்றையும் எழுத்தில் பெறுங்கள். புறப்படும் நேரம், வண்டியின் வகை, தங்குமிடத்தின் பெயர், ஓர் அறைக்கு எத்தனை பேர், உணவு வேளைகள், பயணம் இரத்தானால் திரும்பக் கிடைக்கும் தொகை ஆகிய அனைத்தும் அதில் இருக்கட்டும். முழுத் தொகையையும் முன்பணமாகத் தராமல், ஒரு பகுதியைப் பயணம் முடிந்த பிறகு தருவதாகப் பேசுங்கள். பணத்தை வங்கி வழியாகவே செலுத்துங்கள். சொன்னபடி நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் தரலாம், ரூ.5 இலட்சம் வரை செலுத்திய சேவைக்கான புகாருக்குக் கட்டணம் இல்லை. கையில் எழுத்து இருந்தால்தான் புகார் நிற்கும்.

எங்கள் பள்ளியில் இப்போது, முடிவெடுக்கும் முன் இரண்டு மதிப்பீடுகளைத் தயாரிக்கிறோம். ஒன்று நேரடி ஏற்பாட்டுக்கு, மற்றொன்று முகவர் தரும் தொகுப்புக்கு. இரண்டையும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைக்கிறோம். பெற்றோர் கேட்கும் கேள்விகள் நமக்குத் தோன்றாத ஓட்டைகளைக் காட்டிவிடுகின்றன. பயணம் முடிந்ததும் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். வண்டி உரிமையாளர், விடுதி, உணவகம் பற்றிய குறிப்புகளை ஒரு கோப்பில் சேர்க்கிறோம். பொறுப்பு அடுத்த ஆண்டு வேறோர் ஆசிரியரிடம் போனாலும், அந்தக் கோப்பிலிருந்து அவர் தொடங்கலாம்.