சேற்றில் ஓடிய மோட்டார் சைக்கிள் திங்கட்கிழமையும் ஓட வேண்டுமா?

மழைக்காலம் வந்துவிட்டால் செம்பனைத் தோட்டத்து மண் சாலைகள் சேறும் சகதியுமாகி விடுகின்றன. வேலைக்குச் செல்வோருக்கு அதுவே வழி. வார இறுதியில் ‘ஸ்கிரம்ளர்’ ஓட்டும் இளைஞர்களுக்கு அதுவே விளையாட்டுத் திடல். பல குடும்பங்களில் ஞாயிற்றுக்கிழமை ஓடையைக் கடந்த அதே மோட்டார் சைக்கிள்தான் திங்கட்கிழமை காலையில் வேலைக்கும் போகிறது.

தார்ச் சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் போதும் என்று விட்டுவிடலாம். சேற்றிலும் நீரிலும் ஓடிய வண்டிக்கு அது போதாது. ஒரே ஒரு நாள் உள்ளே புகுந்த நீரும் மணலும் இஞ்சினையே பாழாக்கிவிடும். பிரேக்கில் தங்கிய சேறு இறக்கமான பாதையில் உயிருக்கே ஆபத்தாக முடியும். இவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டு வாசலிலேயே, சாதாரணக் கருவிகளைக் கொண்டு தவிர்க்க முடியும்.

டிரையல்ஸ் கற்றுத் தரும் பாடம்

கரடுமுரடான பாதையில் வண்டி ஓட்டுவதையே ஒரு கலையாக்கிய விளையாட்டு ‘டிரையல்ஸ்’. பிரிட்டனில் தோன்றிய இந்த விளையாட்டில் வேகத்துக்கு முதலிடம் இல்லை. பாறை, மரக்கட்டை, ஓடை, செங்குத்தான மேடு ஆகியவற்றைக் காலை ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை கால் ஊன்றினால் 1 தண்டப் புள்ளி, இருமுறை ஊன்றினால் 2, அதற்கு மேல் போனால் 3. அந்தப் பகுதியைக் கடக்கவே முடியாமல் போனால் 5 புள்ளிகள். குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். ஸ்பெயின் நாட்டு வீரர் டோனி பௌ 2007 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் இதில் உலக வெற்றியாளர் பட்டம் வென்றிருக்கிறார்.

இந்த வண்டிகளில் உட்கார இருக்கை என்று சொல்லத்தக்க எதுவும் கிடையாது. நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும். எடையும் சுமார் 70 கிலோதான். நீரிலும் சேற்றிலும் புரளும் வண்டி என்பதால், ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் கழுவி, பிரித்து, சோதித்து வைப்பது அவ்விளையாட்டில் எழுதப்படாத விதி. அந்தப் பழக்கம் சாதாரண ‘கப்சாய்’ வண்டிக்கும் அப்படியே பொருந்தும்.

கழுவுவதிலும் முறை உண்டு

ஓட்டி முடித்த உடனே, இஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போது குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது. சூடு தணிந்த பிறகு, காற்று இழுக்கும் துளையையும் புகைக்குழாய் வாயையும் துணியால் அடைத்துவிட்டுக் கழுவ வேண்டும். மீண்டும் இஞ்சினை இயக்கும் முன் அந்தத் துணிகளை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

அழுத்தமாக நீர் பாய்ச்சும் இயந்திரத்தைச் சக்கரத்தின் நடுப்பகுதி, ஹேண்டில் கழுத்து, பின் சக்கரத் தாங்கியின் மூட்டு, மின் இணைப்புகள் ஆகியவற்றின் மீது நேராகப் பிடிக்கக் கூடாது. அங்குள்ள பேரிங்குகளில் பூசிய கிரீஸ் கரைந்து வெளியேறி, அதன் இடத்தில் நீர் தங்கிவிடும். சில வாரங்களில் துரு ஏறி, சக்கரம் ஆட்டம் காணத் தொடங்கும்.

இஞ்சினைச் சுற்றியுள்ள தகடு போன்ற பற்களுக்கு இடையே காய்ந்துபோன களிமண்ணையும் விடாமல் எடுக்க வேண்டும். காற்றால் குளிரும் இஞ்சினுக்கு அந்தப் பற்கள்தான் மூச்சு. அவை அடைபட்டால் வெப்பம் வெளியேறாது.

காற்று வடிகட்டிதான் முதல் காவல்

இஞ்சினுக்குள் செல்லும் காற்றில் ஒரு சிட்டிகை மணல் இருந்தாலும் அது பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே உப்புத்தாள் போல் உரசும். நாளடைவில் இழுவை குறையும், புகை வரும், கடைசியில் ‘பிளாக்’ மாற்ற வேண்டிய செலவு வந்து நிற்கும்.

வடிகட்டி பஞ்சு வகையாக இருந்தால் மண்ணெண்ணெயில் அலசி, பிறகு சோப்பு நீரில் கழுவ வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது, கிழிந்துவிடும். உள்ளங்கையால் அழுத்தி நீரை எடுத்து, நிழலில் நன்றாகக் காயவைத்து, வடிகட்டிக்குரிய எண்ணெயைச் சீராகத் தடவிப் பொருத்த வேண்டும். பெட்ரோலில் கழுவும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது தீப்பற்றும் ஆபத்துள்ளது. பஞ்சை ஒட்டியிருக்கும் பசையையும் கரைத்துவிடும். வடிகட்டி காகித வகையாக இருந்தால் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

நீரில் நின்றுபோனால் உதைக்காதீர்கள்

ஓடையிலோ வெள்ளத்திலோ வண்டி நின்றுவிட்டால் பலரும் முதலில் செய்வது, ‘ஸ்டார்ட்டர்’ பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவது. அதுதான் பெரிய இழப்புக்குக் காரணம். காற்றை அழுத்தினால் அது சுருங்கும், நீர் சுருங்காது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே ஏற முயன்றால் அதைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் எண்ணற்ற வாகனங்கள் மூழ்கின. அத்தகைய நேரத்தில் அவசரப்படாமல் இருப்பதே இஞ்சினைக் காப்பாற்றும்.

முதலில் சாவியை அணைத்து, வண்டியை மேட்டுக்குத் தள்ள வேண்டும். காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்து நீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சாவியை அணைத்த நிலையிலேயே சில முறை உதைத்தால் உள்ளே இருக்கும் நீர் பிளக் துளை வழியே பீறிட்டு வெளியேறும். அப்போது முகத்தைத் துளைக்கு அருகில் கொண்டுபோகக் கூடாது. கார்புரேட்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, தேங்கிய பெட்ரோலையும் நீரையும் வடித்துவிட வேண்டும்.

அடுத்து இஞ்சின் எண்ணெய். அதன் நிறம் தேநீரில் பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள். அந்த எண்ணெயோடு வீடுவரை ஓட்டிச் செல்லலாம் என நினைக்கக் கூடாது. முழுவதையும் வடித்துப் புது எண்ணெய் ஊற்றி, சில நிமிடங்கள் மட்டும் ஓடவிட்டு, அதையும் வடித்து மீண்டும் ஊற்ற வேண்டும். நிறம் தெளியும்வரை இதைச் செய்ய வேண்டியிருக்கும். சில லிட்டர் எண்ணெயின் விலை புது இஞ்சினின் விலையோடு ஒப்பிடும் அளவுக்கு வராது.

ஸ்டார்ட் ஆகவில்லை: எங்கிருந்து தேடுவது?

பழுது தேடும்போது எளியதிலிருந்து கடினமானதற்குப் போக வேண்டும். ஹேண்டிலில் உள்ள நிறுத்தும் பொத்தான் அணைந்த நிலையில் இருக்கிறதா, பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா, பெட்ரோல் இருக்கிறதா ஆகிய மூன்றையும் முதலில் பார்த்தால் பல நேரங்களில் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு ஸ்பார்க் பிளக். அதன் முனை இஞ்சினின் உடல்நிலையைக் காட்டும் நாக்கு போன்றது. இளம் பழுப்பு நிறமாக இருந்தால் நலம். கறுத்துக் கரி படிந்திருந்தால் காற்று போதவில்லை, வடிகட்டி அடைபட்டிருக்கலாம். ஈரமாகப் பெட்ரோல் வாசனையோடு இருந்தால் எரிபொருள் வருகிறது, பொறிதான் வரவில்லை. மிகவும் வெளுத்திருந்தால் எரிபொருள் குறைவாகப் போகிறது, இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது.

வேகம் கொடுத்தால் ஓடுகிறது, கையை எடுத்தால் அணைந்துவிடுகிறது என்றால் பெரும்பாலும் கார்புரேட்டரில் உள்ள சிறிய ஜெட் துளை அடைபட்டிருக்கும். அதைக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி, எரிபொருள் அளவு மாறிவிடும்.

புதிய வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருள் பீய்ச்சும் முறை இருக்கிறது. சாவியைத் திறந்ததும் ஓரிரு விநாடி பம்ப் ஓடும் மெல்லிய ஓசை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பேட்டரியையும் ஃபியூஸையும் பார்க்கலாம். எச்சரிக்கை விளக்கு தொடர்ந்து மின்னினால் பட்டறைக்குக் கொண்டுபோவதே நல்லது.

கிளட்ச், சங்கிலி, சக்கரம்

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தகடுகள் இஞ்சின் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கும். விலை மலிவு என்று கார் எண்ணெயை ஊற்றினால் அதிலுள்ள வழுக்கும் சேர்மானங்களால் கிளட்ச் நழுவும். புட்டியில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

சங்கிலியை மண்ணெண்ணெயில் துடைத்துக் காயவைத்த பிறகே எண்ணெய் இட வேண்டும். மண்ணின் மேலேயே எண்ணெய் விட்டால் அது அரைக்கும் பசையாகிவிடும். தளர்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் கியர் பெட்டியின் பேரிங்கே தேயும். சங்கிலியை இணைக்கும் கிளிப்பின் மூடிய பக்கம் சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் கல்லோ கட்டையோ பட்டு அது கழன்றுவிடக்கூடும்.

டிரையல்ஸ் வீரர்கள் பின் டயரில் 4 அல்லது 5 பி.எஸ்.ஐ. காற்றோடு ஓட்டுவதைப் பார்த்து அதைச் சாதாரண வண்டியில் செய்து பார்ப்பது தவறு. அவர்களின் டயர் அமைப்பே வேறு. வேகமும் மிகக் குறைவு. டியூப் உள்ள சாதாரண டயரில் காற்றை அவ்வளவு குறைத்தால் கல்லில் இடித்து டியூப் கிழியும், ரிம் நெளியும். சேற்றுக்காகக் காற்றைச் சற்றுக் குறைத்திருந்தாலும் தார்ச் சாலைக்குத் திரும்பும் முன் நிரப்பிவிட வேண்டும்.

சக்கரக் கம்பிகளைச் சிறு ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கலாம். இறுக்கமான கம்பி கணீரென ஒலிக்கும். தளர்ந்தது மங்கிய ஓசை தரும்.

பிரேக்கில் சமரசம் வேண்டாம்

நீரைக் கடந்த பிறகு பிரேக் உடனே பிடிக்கும் என்று நம்பக் கூடாது. மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை இலேசாகப் பலமுறை அழுத்தினால் உரசும் சூட்டில் ஈரம் காயும். பிடிப்பு திரும்பியதை உறுதி செய்த பிறகே வேகமெடுக்க வேண்டும். டிரம் பிரேக்கில் உள்ளே புகுந்த சேறு தானாக வெளிவராது. சக்கரத்தைக் கழற்றித்தான் துடைக்க வேண்டும்.

டிஸ்க் பிரேக்கில் சங்கிலி எண்ணெய் ஒரு துளியும் படக் கூடாது. பிரேக் பிடியை அழுத்தும்போது பஞ்சு போல் அமிழ்ந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. அனுபவம் இல்லாதவர்கள் இதில் கைவைக்காமல் பட்டறைக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் இளைஞர்கள் மறந்துவிடக் கூடாது. பதிவு எண்ணும் காப்பீடும் இல்லாத போட்டி வண்டிகளைத் தோட்டத்திலிருந்து கடைவரை என்றாலும் பொதுச்சாலையில் ஓட்டுவது சட்டப்படி குற்றம். விபத்து நேர்ந்தால் இழப்பீடு கோர வழியின்றிக் குடும்பமே கடனில் விழும்.

ஒரு சிறு குறிப்பேடு போதும்

எண்ணெய் மாற்றிய நாள், வடிகட்டி கழுவிய நாள், பிரேக் கட்டை மாற்றிய நாள், அப்போது ஓடியிருந்த கிலோமீட்டர் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது நல்ல பழக்கம். அடுத்து எதை எப்போது செய்ய வேண்டும் என்பதை அது நினைவூட்டும். பட்டறைக்காரருக்கும் பழுதைக் கண்டுபிடிக்கும் வேலை எளிதாகும். வண்டியை விற்கும் நாளில் வாங்குபவருக்கு நம்பிக்கை தரும் ஆவணமும் அதுவே.

பழைய வண்டி வாங்குவோரும் விற்பவரிடம் அப்படியொரு குறிப்பு இருக்கிறதா என்று கேட்கலாம். இல்லையென்றால், பளபளக்கும் பெயிண்ட்டைப் பார்ப்பதற்கு முன்பு எண்ணெயின் நிறத்தையும் வடிகட்டிப் பெட்டியையும் திறந்து பார்ப்பது நல்லது. வண்டி எப்படி ஓட்டப்பட்டது என்பதை அவை இரண்டுமே சொல்லிவிடும்.