எரிவாயு தங்காத பாறையும் எரிவாயு செல்லும் நிலமும்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் எவ்வளவு ஆழம் துளையிட்டாலும் இயற்கை எரிவாயு கிடைக்காது. இங்கு மண்ணுக்கு அடியில் இருப்பவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழைமை உடைய நைஸ், கிரானைட் பாறைகள். கடும் வெப்பத்தில் உருவாகி இறுகிப்போன இவற்றில் வாயுவாக மாறக்கூடிய உயிரிப் பொருளும் இல்லை, வாயு சேர்ந்து நிற்பதற்கான நுண்துளைகளும் இல்லை.

எரிவாயு பிறக்குமிடம் படிவுப் பாறைப் படுகை, அதாவது ஆறும் கடலும் கொண்டுவந்த வண்டலும் மணலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பெரும்பள்ளம். களிமண்ணோடு புதைந்த நுண்ணுயிர்களும் தாவரங்களும் ஆழத்தின் வெப்பத்தில் சிதைந்து எண்ணெயும் வாயுவும் ஆகும் அடுக்கை மூலப்பாறை என்பர். அங்கிருந்து மேலேறும் வாயு, துளைகள் நிறைந்த மணற்கல்லாகிய தேக்கப்பாறையில் சேர்ந்து, அதன்மேல் படிந்துள்ள இறுக்கமான மூடுபாறையால் தடுக்கப்பட்டு நிற்கிறது.

தமிழ்நாட்டில் இவை மூன்றும் ஒருங்கே அமைந்திருப்பது காவிரிப் படுகையில். கோண்டுவானாப் பெருங்கண்டம் பிளந்தபோது கிழக்குக் கரையில் மேடும் பள்ளமுமாக நிலம் உடைந்து தாழ, மேற்கே உயர்ந்து நின்ற நைஸ், சார்னோகைட் பாறைகளின் தேய்மானத்தை ஆறுகள் அரித்துவந்து அப்பள்ளங்களை நிரப்பின. ஓசூரின் பாறைக்கும் டெல்டாவின் மணற்கல்லுக்கும் இடையே உள்ள உறவு அவ்வளவு நெருக்கமானது. குத்தாலம், திருமக்கோட்டை, வழுதூர் மின்நிலையங்கள் இப்படுகையின் வாயுவால் இயங்குபவை. நெல் விளையும் நிலத்தைக் காக்கவே, புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கும் வேளாண் மண்டலச் சட்டம் 2020இல் இயற்றப்பட்டது.

ஓசூர் வட்டாரத்துக்கு எரிவாயு வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். கொச்சியில் கப்பலிலிருந்து இறங்கும் திரவ வாயுவை மீண்டும் வாயுவாக்கிப் பெங்களூருக்குக் கொண்டுசெல்லக் கெயில் நிறுவனம் வகுத்த குழாய்ப்பாதை, கோவை முதல் கிருஷ்ணகிரி வரை 7 மாவட்டங்களில் சுமார் 310 கி.மீ. நீளமுடையது. விளைநிலங்களைத் தவிர்த்து நெடுஞ்சாலை ஓரமாகப் பதிக்க வேண்டும் என்று 2013இல் தமிழக அரசு கூறியதை, 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

இத்தகைய திட்டங்களுக்குரிய 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிலம் உழவரின் பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய் செல்லும் பட்டையில் அவர் வீடு கட்டவோ கிணறு வெட்டவோ மரம் நடவோ இயலாது. மாந்தோப்புகளை நம்பி வாழும் கிருஷ்ணகிரி உழவருக்கு மரம் நடக் கூடாது என்பது பிழைப்பையே பறிப்பதாகும். பயிர், மரச் சேதத்துக்கான ஈடு நீங்கலாக, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காட்டையே அச்சட்டம் இழப்பீடாக வகுத்தது. ஒருமுறை கொடுத்துக் கணக்கை முடிக்கும் இம்முறை நியாயமற்றது. குழாயில் வாயு ஓடும் காலமெல்லாம் அந்நிலத்துக்கு ஆண்டு வாடகை கிடைக்கும் வகையில் நாடாளுமன்றம் இச்சட்டத்தைத் திருத்த வேண்டும்.